எந்த டிஸ்சார்ஜ்?

திருட்டுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். கிள்ளானில் கோர்ட்டுக்கு எதிர்ப்புறம், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, நீலத் தார்ப்பாய் கட்டிய கடை ஒன்று உண்டு. அங்கே தே தாரிக் ஆற்றிக்கொண்டிருக்கும் வீரம்மாவைக் கேளுங்கள். ஆற்றுகிற கை நிற்காது. ஆனால் பதில் வரும்.

"ஆள் பாக்காதப்ப எடுத்தா தெஃப்ட். ஆள அடிச்சுப் புடுங்குனா ராபரி. கதவ ஒடச்சு உள்ள பூந்தா பர்க்ளரி. மோட்டர்ல வந்து சங்கிலிய அத்துக்கிட்டுப் போனா ஸ்னாட்ச். கடையில ஜோப்புக்குள்ள போட்டா ஷாப்லிஃப்டிங். நம்பிக் குடுத்தத அமுக்கிட்டா சிபிடி. நம்மளே சிரிச்சிக்கிட்டு எடுத்து நீட்டுற மாதிரி பேசி வாங்குனா சீட்டிங். ஏழு ஆச்சா? நமக்கு எல்லாம் ஒரே திருட்டுதான். இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் தனியா பேர் வச்சு, தனித்தனியா தண்டனையும் வச்சிருக்கான்."

இதைச் சொல்லுகிற அம்மாள் படித்தது ஆறாம் வகுப்பு. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பெட்டாலிங் ஜெயாவுக்கு பஸ் ஏறி, டிவி பாகம் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தார். முப்பது வருடம் மூன்று ஷிப்டிலும் உழைத்தார். ஒருநாள் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. மெஷினைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆட்களை வாசலில் விட்டார்கள். அழுதுகொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. கணவர் ரெங்கசாமி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து, கோர்ட்டுக்கு எதிரே இந்தக் கடையைப் போட்டார்கள். பதின்மூன்று வருடம் ஆகிறது. முட்டியில் வலி உண்டு. மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அறுபத்தொரு வயதில் அவருக்குக் குறை என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை.

கோர்ட்டுக்கு எதிரே கடை போட்டவருக்குச் சொற்கள் தானாக வந்து சேரும். போலீஸ்காரர் வருவார், வக்கீல் வருவார், கேஸ் உள்ளவர் வருவார், அவரைப் பெற்றவர் வருவார். எல்லாரும் தேநீர் குடிக்கும்போது பேசுவார்கள். வீரம்மா காதில் விழுந்ததை எழுதி வைத்தார். கடைக்குக் கடை தொங்குகிற, அட்டையில் 555 என்று அச்சடித்த அந்தச் சின்ன நோட்டுப் புத்தகம்தான். மற்றவர்கள் அதில் கடன் எழுதுவார்கள். வீரம்மா இங்கிலீஷ் எழுதினார், தமிழ் எழுத்தில்.

சார்ஜ்: போனுக்கு ஏத்துறது இல்ல, ஆள் மேல ஏத்துறது.

சென்டன்ஸ்: பள்ளிக்கூடத்துல எழுதுறது இல்ல, ஜட்ஜு சொல்றது. முற்றுப்புள்ளி வர வருசக்கணக்கா ஆகும்.

பார்: குடிக்கிற எடம் இல்ல, லாயருங்க சங்கம்.

மென்ஷன்: பேரக் கூப்பிட்டு வேற தேதி குடுக்குறது.

இப்படிப் பதினொரு புத்தகம். கோர்ட்டுப் படியேறுகிற குடும்பங்கள் முதலில் வீரம்மாவிடம் வந்து அர்த்தம் கேட்டுவிட்டுப் போகும். "லாயர் அக்கா" என்றே பெயர் வந்துவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? முப்பது வருடம் மெஷின் முன்னால் நின்றபோது யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் பெயரை அவரே ஒருநாள் கழற்றி வைத்தார். காரணம் ஒரே ஒரு சொல்.

ஆறு வருடத்துக்கு முன்னால் தனலெட்சுமி என்ற பெண்மணி வந்தார். மகன் பிரவின் மேல் ஏதோ அடிதடி கேஸ். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்கக்கா. அப்படின்னா என்னா?" என்று கேட்டார். வீரம்மா யோசிக்கவே இல்லை. "ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரிதான். டிஸ்சார்ஜ்னா சரியாயிருச்சு, துணிமணிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போலாம்" என்றார். தன் கையால் கேசரி கிண்டி எல்லாருக்கும் கொடுத்தார்.

தாயும் மகனும் வீட்டுக்குப் போனார்கள். கேஸ் காகிதம் வீட்டில் இருந்தால் பீடை என்று, மருத்துவச் சீட்டு முதல் சாட்சி எழுதிக் கொடுத்த கடிதம் வரை எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். எட்டு மாதம் கழித்து, பிரவின் வேலை செய்கிற இடத்திலேயே போலீஸ் வந்து கூட்டிப் போனது. அதே கேஸ்.

கோர்ட்டில் டிஸ்சார்ஜ் இரண்டு வகை. ஒன்று முழு விடுதலை. இன்னொன்று, இப்போதைக்குப் போ, வேண்டுமானால் திரும்பக் கூப்பிடுவோம் என்பது. பிரவினுக்குக் கிடைத்தது இரண்டாவது. காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் ஒன்றரை வருடம் இழுபட்டான். நிச்சயம் செய்த கல்யாணமும் நின்றது. தனலெட்சுமி ஒருநாள் கடை முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றார். திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடையில் தேநீர் குடித்ததில்லை.

வீரம்மா அந்தப் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார். அன்றிலிருந்து யார் அர்த்தம் கேட்டாலும் ஒரே பதில்தான். "உள்ள போயி லாயரைக் கேளுங்க. நான் டீக்கடை." திருட்டின் ஏழு பெயரை வேடிக்கைக்குச் சொல்வார். யாருடைய கேஸிலும் வாய் வைக்க மாட்டார். எழுதுவதை மட்டும் விடவில்லை. அது அவருக்காக.

அவரோடு சொல் மாற்றிக்கொள்ள ஒரே ஒருத்தி இருந்தாள். ராஜினி. ஏழைகளுக்கு இலவசமாக நிற்கிற வக்கீல்களில் ஒருத்தி. பிரிக்பீல்ட்ஸ் பெண். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். வீட்டில் மூன்று தலைமுறையாக இங்கிலீஷ். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களிடம் போராடுவாள். ஒருமுறை ஒரு தாயிடம் "உங்கள் மகனின் கேஸ் தள்ளுபடி" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா காலில் விழுந்து கும்பிட்டார். ராஜினி சொல்ல வந்தது, வேறு தேதிக்குத் தள்ளி வைத்தார்கள் என்று.

"தள்ளுபடின்னா தீபாவளிக்குத் துணிக்கடையில போடுறது ராஜினிம்மா. கோர்ட்டுல தள்ளுபடின்னா கேஸே இல்லன்னு ஆயிரும். தள்ளி வச்சிட்டாங்கன்னு சொல்லுங்க."

"ரெண்டும் சேம் தானே ஆன்டி? தள்ளு, தள்ளு."

"சேம் இல்லம்மா. ஒண்ணுல வீட்டுக்குப் போலாம். இன்னொண்ணுல திரும்ப பஸ் காசு செலவு பண்ணி வரணும்."

இப்படித்தான் அவர்கள் வியாபாரம். இவர் ஒரு தமிழ்ச் சொல் கொடுத்தால் அவள் ஒரு இங்கிலீஷ் சொல் கொடுப்பாள். இரண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள், அவள் போனில், இவர் 555இல்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணி. வெயில் தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டிருந்தது. சலவை செய்த சட்டையும் துடைத்த சப்பாத்துமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கூட வந்த மகள், அடையாள அட்டையை நகல் எடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கடைக்குப் போனாள்.

"தே ஓ ஒண்ணுக்கா, பால் இல்லாம. கோசோங். சீனி போடாதீங்க, ஒடம்புலயே இருக்கு."

"சரிண்ணே."

அவர் பெயர் சபாபதி. போர்ட் கிள்ளானில் ஒரு கம்பெனிக்குப் பத்தொன்பது வருடமாக லோரி ஓட்டுகிறவர். பேசுவதற்கு ஆள் வேண்டியிருந்தது அவருக்கு. கேட்காமலே ஆரம்பித்தார்.

"ரெண்டரைக்குப் பேர் கூப்பிடுவாங்களாம். அதோட முடிஞ்சிச்சு. நாளைக்கு ஜோகூர் டிரிப் இருக்கு."

வீரம்மா ஒன்றும் கேட்கவில்லை. அது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

"சாமான் காணோம்னு ஒரு சின்னக் கேஸுக்கா. லாயர் பொண்ணு நல்ல பொண்ணு. காசு கூட வேணாங்குது. காலையில வந்து, அங்கிள் ரெண்டு வழி இருக்கு, கில்ட்டியா இல்ல கிளெய்ம் பண்றீங்களான்னு கேட்டுச்சு. கிளெய்ம் எல்லாம் வேணாம்மா, அந்த மாதிரி ஆள் நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏண்ணே வேணாம்னீங்க?"

"பத்தொன்பது வருசத்துல ஒரு கிளெய்ம் போட்டதில்லக்கா நான். கை ஒடிஞ்சப்ப சொக்சோவுல காயத்துக்குக் காசு கெடைக்கும், கிளெய்ம் போடுடான்னாங்க. போடல. சாப்பாட்டுக் கிளெய்ம், ஓவர்டைம் கிளெய்ம், டோல் கிளெய்ம்னு வர்றவன் போறவன்லாம் ஃபாரத்த நீட்டுவான். நான் நீட்டுனதில்ல. இப்பக் கோர்ட்டு வரைக்கும் வந்து கம்பெனி மேல கிளெய்ம் போட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லோரி சாவி வாங்குவேன்?"

இப்படிப்பட்ட தொழிலாளியை முதலாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். உடைந்த கைக்குக்கூடக் கேட்கத் தெரியாதவன். பத்தொன்பது வருடம் தட்டிக்கொடுத்து வைத்துக்கொள்வார்கள். பெட்டி காணாமல் போகிற அன்று அவனைத்தான் முதலில் காட்டிக்கொடுப்பார்கள்.

வீரம்மா குவளையை அவர் முன் வைத்தார். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

"கில்ட்டின்னா என்னான்னு நெனச்சீங்கண்ணே?"

"அதுவுமா தெரியாது. கில்ட்டின்னா மனசு கஷ்டப்படுறது. என் மவ அடிக்கடி சொல்லுவா, ஐ ஃபீல் கில்ட்டிப்பான்னு. இப்படி ஆயிருச்சேன்னு நமக்கும் கஷ்டமாத்தானே இருக்கு. ஜட்ஜு கேட்டா கில்ட்டின்னு சொல்லிட வேண்டியதுதான். பெரியவங்ககிட்ட வருத்தம் சொல்றதுல என்னா கொறஞ்சு போயிரும்?"

மணி பதினொன்று ஐம்பது. வீரம்மா துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். தனலெட்சுமி நின்ற இடம் அதோ, அந்தக் கம்பத்துப் பக்கம். நீங்கதானேக்கா சொன்னீங்க. இந்த மனிதர் திருடியவராகவும் இருக்கலாம். சட்டை வெளுப்பாக இருந்தால் ஆளும் வெளுப்பு என்று யார் சொன்னது? பேசாமல் இருந்தால் ஒரு பழியும் வராது. ஆனால் இரண்டரை மணிக்கு இந்த ஆள் எழுந்து நின்று, வருத்தம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, திருடன் என்று தன் வாயாலேயே சொல்லப்போகிறார். திருட்டுக் கேஸில் பேர் ஏறினால் போர்ட்டுக்குள் போகும் பாஸ் போய்விடும். பாஸ் போனால் லோரி போய்விடும்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். கோவப்படாதீங்க. அந்தச் சாமான நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்க்கா."

வீரம்மா துணியை மேசையில் வைத்தார்.

"அஞ்சு பெட்டி பால் டின்னு. எடுத்துட்டுப் போயி அம்பாங்ல ஒரு கடையில எறக்குன்னாரு சூப்பர்வைசர். எடுத்தேன், எறக்குனேன். அதத்தானே பத்தொன்பது வருசமாச் செய்றேன். இப்ப அவரு நான் சொல்லவே இல்லங்குறாரு. மறந்திருப்பாரு, வயசாச்சுல்ல."

"அப்ப நீங்க திருடல."

குவளை மேசையில் இடித்தது. தே ஓ தளும்பி வழிந்தது. "யாரப் பாத்துக் கேக்குறீங்க?"

"திருடாத ஆளுக்கு இவ்ளோ கோவம் வருதுல்ல. ரெண்டரைக்கு நீங்க கில்ட்டின்னு சொன்னா, ஆமா, நாந்தான் திருடுனேன்னு அர்த்தம். மனசு கஷ்டம்னு இல்ல. கிளெய்ம்னா காசு கேக்குறதும் இல்ல."

சபாபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஏப்ரன், சாயம் போன டீ சட்டை, பாலில் நனைந்த துணி.

"நீங்க லாயரா?"

"இல்ல."

"அது படிச்ச பொண்ணு. கறுப்புக் கோட்டு போட்டு வந்து சொல்லுது. நீங்க டீ ஆத்திக்கிட்டுச் சொல்றீங்க. எத நம்புறது லா?"

நியாயமான கேள்வி. வீரம்மாவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இத்தனை வருடமாக வைத்திருந்த பதில்.

"என்னய நம்பாதீங்கண்ணே. என்னய நம்புன ஒரு குடும்பம் கஷ்டப்பட்டிருச்சு. அந்த லாயரையே கேளுங்க. ஆனா ரெண்டரைக்கு முன்னாடி கேளுங்க. வாங்க, நானும் வரேன்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடாது."

பன்னிரண்டு மணிக்குக் கடையை மூடுவது என்றால் என்ன என்று சாப்பாட்டுக் கடை வைத்தவருக்குத் தெரியும். போலீஸ், வக்கீல், குமாஸ்தா எல்லாரும் சாப்பாடு கட்டி தாப்பாவ் வாங்கிப் போக வருகிற நேரம். பதின்மூன்று வருடத்தில் அந்த நேரத்தில் அடுப்பை அணைத்ததில்லை. வீரம்மா அணைத்தார். மீன் கறி வாளியைத் தட்டால் மூடினார். ஏப்ரனோடு சாலையைக் கடந்தார். பின்னால் சபாபதி வந்தார், சந்தேகத்தோடு. வாசலில் நின்ற காவலர் அவருடைய நாசி லெமாக் சோற்றுக்கு வாடிக்கை. "ஆன்டி, இன்னிக்குக் கடை மூடியா? நான் எங்க மக்கான் பண்றது?" என்று மலாயும் தமிழும் கலந்து கேட்டார்.

"பசியோட இரு. ஒடம்பு எளைக்கட்டும்."

ராஜினி நடைபாதையில் ஒரு பெஞ்சில் கோப்புகளைப் பரப்பிக்கொண்டு சண்ட்விச் கடித்துக்கொண்டிருந்தாள். வீரம்மாவைக் கோர்ட்டுக்குள் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஆன்டி, உங்களுக்கு என்ன கேஸ்?"

"எனக்கு இல்லம்மா. இந்த அண்ணனுக்கு. கிளெய்ம்னா கம்பெனிகிட்ட காசு கேக்குறதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. கில்ட்டின்னா வருத்தம்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு."

ராஜினி சண்ட்விச்சைக் கீழே வைத்தாள். மேலே கிடந்த கோப்பைப் புரட்டினாள். அதில் அவள் கையெழுத்து இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், தண்டனையைக் குறைக்கக் கேட்க வேண்டும் என்று. அதற்கான காரணங்களைக்கூட வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வயது, சீனி வியாதி, பத்தொன்பது வருட உழைப்பு.

"நான் தமிழ்லதானே கேட்டேன், ஆன்டி" என்றாள் மெதுவாக.

"நீங்க கேட்டதுல எதும்மா தமிழு?"

அவள் கோப்பை மூடினாள். தன் கேள்வியை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள் போல. "அங்கிள், நீங்க கில்ட்டியா, கிளெய்ம் பண்றீங்களா?" நீங்க, யா, பண்றீங்களா. இவ்வளவுதான் தமிழ்.

"கிளெய்ம் ட்ரயலுக்குத் தமிழ்ல என்ன சொல்வாங்க?"

வீரம்மா ஏப்ரன் பையிலிருந்து 555ஐ எடுத்துப் புரட்டினார். இருந்தது. "கிளெய்ம் ட்ரயல்: கிளெய்ம் ட்ரயல்தான்" என்று எழுதியிருந்தார். பதின்மூன்று வருடமாகப் பக்கத்திலேயே இருந்த சொல். எல்லாரும் சொல்கிறார்கள் என்று இவரும் அர்த்தம் எழுதாமல் விட்டிருக்கிறார்.

"நான் திருடல, விசாரிங்க. அதான்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்க கேளுங்க."

ராஜினி சபாபதி பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக, கல் பொறுக்குகிற மாதிரி கேட்டாள். "அங்கிள். ஜட்ஜ் உங்களிடம் கேட்பார், இந்தப் பெட்டிகளை நீங்கள் திருடினீர்களா என்று. நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"திருடலன்னு சொல்வேன்."

"அதற்குத்தான் இங்கிலீஷில் கிளெய்ம் ட்ரயல்."

"அப்ப கில்ட்டி?"

"திருடினேன் என்பது."

சபாபதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மகள் ஷாமினி நகலோடு தேடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ப்பா, நான் ஃபீல் கில்ட்டின்னு சொன்னது நாய்க்குச் சோறு போட மறந்ததுக்குப்பா."

"எனக்கு என்னாடி தெரியும். நீ எல்லாத்துக்கும் அதத்தானே சொல்றே."

இரண்டரை மணிக்கு உள்ளே நடந்ததை வீரம்மா பார்க்கவில்லை. அவர் கடைக்கு ஓடிவிட்டார். பாதி வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கோபத்தோடு காத்திருந்தார்கள். நடந்ததை ஷாமினிதான் வந்து சொன்னாள். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டியதும், ஜட்ஜ் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் அப்பா எழுந்து, "நான் திருடல. விசாரிங்க" என்று நடைபாதை வரை கேட்கிற மாதிரி சொன்னாராம். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிளெய்ம் ட்ரயல் என்றாராம். மகளே ஜாமீனுக்கு நின்றாள்.

அதன் பிறகு மென்ஷன். மறுபடி மென்ஷன். கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. தெரிந்தவர் ஒருவரின் சின்ன லோரியில் பாசாருக்குக் காய்கறி ஏற்றினார். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வீரம்மா கடையில் உட்காருவார். கோசோங் குடிப்பார். 555இல் என்ன புதுச் சொல் என்று கேட்பார். "விட்னஸ்னா சாட்சி, அது தெரியும். ஹோஸ்டைல் விட்னஸ்னா?" என்பார். வீரம்மா, "லாயரைக் கேளுங்க" என்பார். அதுவே அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

மூன்றாவது மென்ஷன் அன்று ராஜினி அந்த மேசையிலேயே உட்கார்ந்து கேட்டாள். இப்போது அவள் கேள்வியில் இங்கிலீஷ் குறைந்திருந்தது.

"அங்கிள், பெட்டியை எடுத்துப் போ என்று சூப்பர்வைசர் எப்படிச் சொன்னார்? நேரிலா?"

"இல்லம்மா. வாட்ஸ்அப்ல பேசி அனுப்புனாரு. வாய்ஸ்."

"அதை அழித்துவிட்டீர்களா?"

"எனக்கு அழிக்கத் தெரியாதும்மா. பத்து வருசத்துக் காலை வணக்கம் எல்லாம் அப்படியே இருக்கு."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"அத வெளிய எடுத்தா, அவரு மேல கிளெய்ம் போட்ட மாதிரி ஆயிருமேன்னு."

ராஜினி கண்ணை மூடித் திறந்தாள். ஷாமினி போனை வாங்கி, பூவும் விளக்குமாக வந்த காலை வணக்கங்களைத் தள்ளிக்கொண்டே மேலே போனாள். ரெங்கசாமி அன்று பள்ளி விடுமுறையில் கடையில் இருந்தார், அவரும் எட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு அந்தக் குரல் வந்தது, அடுப்புச் சத்தத்துக்கு மேலே, தெளிவாக. "சபா, அந்த அஞ்சு பெட்டி பால எடுத்து அம்பாங் கடையில போட்டுரு. சிட்டை நான் அப்புறம் எழுதிக்கிறேன்." நாள், மணி எல்லாம் கீழே இருந்தது.

"வயசானாலும் குரல் நல்லாத்தான் இருக்கு உங்க சூப்பர்வைசருக்கு" என்றார் ரெங்கசாமி. யாரும் உடனே சிரிக்கவில்லை. பிறகு சபாபதியே முதலில் சிரித்தார்.

விசாரணைத் தேதி ஒன்பது மாதம் கழித்து வந்தது. அன்று காலை வீரம்மா கேசரி கிண்டினார். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. கிண்டி, மூடி, மேலே ஒரு சட்டியையும் கவிழ்த்து வைத்தார்.

பதினொன்று பத்துக்கு சபாபதியும் ஷாமினியும் சாலையைக் கடந்து ஓடி வந்தார்கள். கார்க்காரன் ஒருவன் ஹார்ன் அடித்துத் திட்டினான். சபாபதி கவனிக்கவில்லை.

"அக்கா, டிஸ்சார்ஜ். அந்தக் குரலப் போட்டுக் காட்டுனதும் டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க."

வீரம்மா சட்டி மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை.

"எந்த டிஸ்சார்ஜ்?"

"எந்த டிஸ்சார்ஜ்னா? டிஸ்சார்ஜுக்கா. வீட்டுக்குப் போலாம்."

"இருங்கண்ணே. ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாதீங்க. ராஜினிம்மா வரட்டும்."

சபாபதியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார். ஷாமினி கோர்ட்டு வாசலைப் பார்த்தாள். பேருந்து ஒன்று வந்து நின்று ஆள் இறக்கிப் போனது. வீரம்மாவின் கண் கம்பத்துப் பக்கம் ஒருமுறை போய் வந்தது. பால் கொதித்து வழிய, ரெங்கசாமிதான் ஓடிப் போய் அடுப்பைத் தணித்தார்.

ராஜினி மெதுவாகத்தான் வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள். வீரம்மா எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் குறுக்கே அடித்த பக்கத்தை அவளும் பார்த்திருக்கிறாள். நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். வழியெல்லாம் பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள் போல.

"அக்விட்டல், ஆன்டி. முழு விடுதலை. இந்தக் கேஸுக்கு அவரைத் திரும்பக் கூப்பிட முடியாது." பிறகு, "தமிழ் சரியா?" என்றாள்.

"சரிம்மா" என்றார் வீரம்மா. "ரொம்பச் சரி."

சட்டியை எடுத்தார். கேசரி சூடு ஆறாமல் இருந்தது. வாசல் காவலர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார். அன்று பசியோடு இரு என்று சொன்னதை நினைவில் வைத்து, வீரம்மா அவருக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம் வைத்தார். தனலெட்சுமி இன்னும் அந்தக் கடைக்கு வரவில்லை. வருவார் என்று வீரம்மா எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அன்று கூட்டம் குறைந்ததும் 555ஐ எடுத்து, குறுக்கே அடித்த பக்கத்துக்குக் கீழே எழுதினார். டிஸ்சார்ஜ்: எதுன்னு கேக்கணும்.

எழுதி முடித்து நிமிர்ந்தால் சபாபதி இன்னும் போகவில்லை. மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"சொல்லுங்கண்ணே."

"ஒன்பது மாசம் நிறுத்தி வச்சிருந்தாங்கள்ல. அதுக்கு..." குரலைத் தாழ்த்திக்கொண்டார், யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. "கிளெய்ம் போடலாமா?"

வீரம்மா அவருக்கு இன்னொரு கோசோங் ஊற்றினார். கை நிற்கவில்லை.

"லாயரைக் கேளுங்க" என்றார். "நான் டீக்கடை."